அந்தரத்தில் நிற்கும் டம்ளர்

செப்டம்பர் 26, வெள்ளி

முதல் நாள் படப்பிடிப்பு. தயாரிப்பு நிர்வாகி நாச்சியப்பன் அண்ணன் பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, கேமராவைச் சுமக்கும் என் இயந்திரக் கையின் நுனியில் ஆளுயர ரோஜா மாலை ஒன்றைக் கட்டினார். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு கனத்த மாலை போட்டு நான் பார்த்ததில்லை. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணே, லென்ஸ்ல படப்போகுது.”

“அதெல்லாம் படாது மேடம். ஆனா தானா வாடி உதிர்ற வரைக்கும் யாரும் கழட்டக் கூடாது, சொல்லிட்டேன்.”

இந்தக் கைக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். ஒருமுறை போன வழியில் மறுமுறையும் இம்மி பிசகாமல் போகும். மூட்டுக்கு மூட்டு, சொன்ன கோணத்தில் சரியாக நிற்கும் சர்வோ மோட்டார். யூனிட்டில் இதற்குப் ‘பூங்கோதை மேடத்தோட மூணாவது கை’ என்று பெயர். மற்ற இரண்டு கைகளுக்கும் சமையல் வராது என்பதும் அவர்களுடைய கண்டுபிடிப்புதான்.

படத்தில் வயதான அக்கா, தங்கை. இருவராகவும் நடிப்பவர் ரத்னாவதி அம்மா ஒருவரே. பல வருடங்களாகப் பேசாத இருவரும் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்காருகிறார்கள். அக்கா காபியை நீட்டுகிறாள், தங்கை வாங்குகிறாள். கேமரா மெல்ல அவர்களைச் சுற்றி வருகிறது. வெட்டே கிடையாது. அம்மா முதலில் அக்காவாக இடப்பக்கம் உட்கார வேண்டும், பிறகு தங்கையாக வலப்பக்கம். இரண்டு பாதிகளையும் நடுவில் ஒட்டுவார்கள். நடுவில் ஒல்லியான ஒரு கம்பியின் மேல் டம்ளர் நிற்கிறது. கம்பியைப் பிறகு கணினியில் அழித்துவிடலாம். கேமரா இரண்டு முறையும் ஒரே வழியில் போனால்தான் பாதியும் பாதியும் சேரும்.

காலையில் அக்காவாக நடித்தார். எதிரே வெறும் நாற்காலி. டம்ளரை நீட்டியபடி காத்திருந்தார், காத்திருந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு தங்கையாக நடித்தார். மானிட்டரில் சேர்த்துப் பார்த்தால் டம்ளர் நடுவில் உடைந்திருந்தது. வலப்பாதி ஒரு நூல் கீழே. மறுபடி எடுத்தோம். அதே நூல். மூன்றாவது முறை அம்மா எழுந்திருக்கும்போது மேசையைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். மூன்றாவது கையை.

மதியம் என் அக்கா போனில் கூப்பிட்டிருந்தாள். எடுக்கவில்லை. வேலை.


செப்டம்பர் 27, சனி

ரத்னாவதி அம்மாவுக்கு இதயம் தளர்ந்திருக்கிறதாம். சில வாரம் ஓய்வு.

இயக்குநர் ஜெயதீபன் என்னைவிடச் சின்னவர். கத்தத் தெரியாதவர், அதுதான் பயமாக இருக்கிறது. “மேடம், அம்மா திரும்பி வந்தா ஒரே ஒரு தடவைதான் உக்காருவாங்க. அதுவும் தங்கச்சியா மட்டும். அக்காவா பண்ணது இனிமே வராதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க. அடுத்த மாசக் கடைசியில ஸ்டுடியோ ஃப்ளோரைக் காலி பண்ணணும். அதுக்குள்ள உங்க கை சரியாகணும்.”

“ஆகலன்னா?”

“தனித்தனியா வெட்டிப் போட்டுற வேண்டியதுதான். இவங்க மூஞ்சி, அவங்க மூஞ்சின்னு. ரெண்டு பேரும் ஒரே ஃப்ரேம்ல வர மாட்டாங்க.”

படம் முழுக்கப் பேசாத இருவர் கடைசியிலும் சேராமல் போய்விடுவார்கள். சரிசெய்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது.


அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மாலை உதிர்ந்து நார்தான் மிச்சம். கேமராவுக்குத் தண்டவாளம் போடும் சார்லஸ் அண்ணன் அதை அறுத்து வேப்பமரத்தடியில் போட்டுவிட்டு, இயந்திரக் கையைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்தார். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆயுத பூஜையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

எனக்கு இந்த வருடம் பண்டிகை இல்லை. பொரியைக் கையில் வாங்கிக்கொண்டு தள்ளி நின்றேன்.


அக்டோபர் 6, திங்கள்

செட்டில் எப்போதும் காலை ஒன்பது மணி. ஜன்னலுக்கு வெளியே விளக்குகளை நிறுத்தி வெயில் செய்திருக்கிறார்கள். நான் மாலையில் வந்து சுவிட்சைப் போட்டாலும் காலைதான். அடுப்பில் பால் பாத்திரம், ஆணியில் நாள்காட்டி. இரண்டு நாற்காலிகளும் காலி. உட்கார்ந்தால் யாரோ உள்ளேயிருந்து ‘பல் தேய்ச்சியா’ என்று கேட்பார்கள்போல் இருக்கிறது.

நோய் இதுதான் என்று நினைக்கிறேன். கை நீளம், கேமரா கனம். நீட்டும்போது மோட்டார் சுமைக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. பிழையைக் கண்டதும் மோட்டார் எவ்வளவு பதற வேண்டும் என்பதற்கு ஓர் எண் உண்டு. அதை ஏற்றினேன். கை முழுக்க நடுங்கியது, ரீங்காரம் போட்டது. பால் பாத்திரம்கூட அடுப்பில் கிணுகிணுத்தது.

பதறினால் துல்லியம் வராது. எண்ணைப் பழையபடி இறக்கினேன்.


அக்டோபர் 9, வியாழன்

இன்று வேறு வழி. பிழை சின்னதாக இருந்தாலும் அதை மறக்காமல் கூட்டிக்கொண்டே வந்து, அந்தக் கூட்டுக்கு ஏற்ப மோட்டாரைத் தள்ளும் ஒரு பகுதி நிரலில் இருக்கிறது. அதன் அளவை ஏற்றிவிட்டேன். நன்றாகத்தான் போனது. பாதி வழியில் சார்லஸ் அண்ணன் தெரியாமல் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். அவர் பிடித்திருந்த நேரமெல்லாம் அது உள்ளுக்குள் கூட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. விட்டதும் பாய்ந்தது. நல்லவேளை, அவர் குனிந்துவிட்டார்.

“இன்னா மேடம், இவ்ளோ கோவம் இதுக்கு? நான் சும்மா தொட்டேன், அவ்ளோதான்.”

“தொட்டதுக்கு இல்லண்ணே. பழசெல்லாம் சேத்து வெச்சிருக்கு.”

“அது தப்பாச்சே.”

கூட்டுக்கு ஒரு வரம்பு வைத்தேன். அதற்கு மேல் சேர்க்காதே என்று.

அப்பா மே மாதம் போனார். நான் அப்போது ஹைதராபாத்தில் ஒரு விளம்பரப் படப்பிடிப்பில் இருந்தேன். மதுரைக்கு வந்து சேர்ந்தபோது அக்கா வீட்டைக் கழுவி விட்டிருந்தாள். வாசலில் ஈரம் காயவில்லை. அப்பாவை எடுக்க எனக்காகக் காத்திருக்கவில்லை. இதை எழுத இது இடமில்லை, கூட்டுக்கு வரம்பு வைத்ததைப் பற்றித்தான் எழுத வந்தேன்.


அக்டோபர் 11, சனி

பேருந்து பார்சலில் மதுரையிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாய் வந்திருக்கிறது. அக்காதான். ஜாடிக்கு மேல் துணியைக் கட்டி, அதற்கு மேல் பாலிதீன், அதற்கு மேல் மறுபடி துணி. யாராலும் பிரிக்க முடியாதபடி கட்டுவது அவள் வழக்கம். பிரிக்கவில்லை. அடுப்பு மேடையில் இருக்கிறது.


அக்டோபர் 14, செவ்வாய்

வந்துவிட்டது!

கனத்தால் தாழ்ந்த பிறகு தூக்குவது தவறு. எந்தக் கோணத்தில் எவ்வளவு கனம் அழுத்தும் என்பது முன்னாலேயே தெரிந்த கணக்குதானே? அதை மோட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டேன். கனம் வருவதற்குள் தோள் கொடுத்துவிடுகிறது. கை வளைவதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்டாயிற்று. நுனியில் லேசர் கட்டி, சுவரில் கட்டத்தாள் ஒட்டி ஓட்டினோம். சார்லஸ் அண்ணன் பென்சிலால் புள்ளி வைத்தார். எத்தனை முறை ஓட்டினாலும் புள்ளிமேல் புள்ளி. கடைசியில் தாளில் ஓட்டை விழுந்துவிட்டது.

மதியம் நாற்காலியிலேயே தூங்கிப்போனேன். கனவில் கை மெதுவாக வந்து எனக்குப் போர்த்திவிட்டது. அதன் முழங்கையில் நார்த்தங்காய் வாசனை.


அக்டோபர் 15, புதன்

ஜெயதீபனுக்குக் காட்டினேன். அம்மாவின் இடப்பாதிமேல் இன்றைய காலி நாற்காலியைச் சேர்த்து ஓட்டினோம். டம்ளர் உடைந்துதான் இருந்தது. அதுவும் முன்பைவிட அதிகமாக. வலப்பாதி இரண்டு நூல் கீழே.

“இப்பதான் இன்னும் விலகியிருக்கு மேடம்.”

“தெரியுது சார்.”

“சரி பண்ணியாச்சுன்னு சொன்னீங்க.”

“சரியாத்தான் இருக்கு.”

அவர் மானிட்டரை அணைத்துவிட்டுப் போனார். கத்தியிருக்கலாம். செட்டின் ஒன்பது மணி வெயிலில் உட்கார்ந்து அழுதேன். துல்லியமாக ஓடும் ஒன்று எப்படித் தப்பாக இருக்க முடியும்? நான் சரியாக இருக்கிறேன், எல்லோரும் என்னைத்தான் குறை சொல்கிறார்கள். இது எனக்குப் பழகிப்போன வரிதான்.


அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. துக்க வீடென்று மேல்வீட்டுக்காரர்கள் ஒரு தட்டு பலகாரம் கொண்டுவந்து தந்தார்கள்.

அக்கா கூப்பிட்டாள். அவள் பாதியில் துண்டிக்க மாட்டாள். மணி முழுக்க அடித்துத் தானாக நிற்கும்வரை விடுவாள். பிறகு மறுநாள். அவளுக்கும் இன்று பண்டிகை இல்லைதானே. யார் வீட்டுப் பலகாரம் வந்திருக்குமோ.


அக்டோபர் 22, புதன்

ரத்னாவதி அம்மாவைப் பார்க்கப் போனேன். சாய்வு நாற்காலியில் காலை நீட்டிப் படுத்திருந்தார். ஒப்பனை இல்லாத முகம் சின்னதாகத் தெரிந்தது.

“உன் கை எப்படிம்மா இருக்கு?”

“நல்லா இருக்கும்மா. எங்கே தப்புன்னுதான் தெரியல.”

“என் கேஸும் அதேதான். டாக்டர் இப்ப எல்லாம் நார்மல்னு சொல்றார். படியேறினா மூச்சு வாங்குது.”

சிரித்தோம். நான் கேட்டேன்: “தினமும் உங்க பாதியைப் பாக்கறேம்மா. எதிர்ல ஆளே இல்லாம எப்படி அவ்வளவு நேரம் டம்ளரை நீட்டிட்டு இருந்தீங்க?”

“நீட்டறதுல என்ன இருக்கு? ஆசை இருந்தா எவ்வளவு நேரம் வேணாலும் நீட்டலாம். வாங்கறதுதான் பாடு. இத்தனை வருஷம் வாங்காதவ இன்னைக்கு ஏன் வாங்கணும்? என்ன மூஞ்சியை வெச்சுக்கிட்டு வாங்குவா? அதுதான் எனக்கு இன்னும் பிடிபடல. அன்னிக்கு மூணு தடவை பண்ணேனே, மூணும் பொய்.” என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “உனக்குக் கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?”

“மதுரையில ஒரு அக்கா.”

அதற்கு மேல் கேட்பாரோ என்று எழுந்துவிட்டேன். ஆட்டோ கிடைக்க நேரமானது.


அக்டோபர் 24, வெள்ளி

வழக்கம்போல அம்மாவின் பாதியை ஓடவிட்டுப் பார்த்தேன். எவர்சில்வர் டம்ளரின் வயிற்றில் ஒரு சிவப்பு மெல்ல வழிந்து போகும். அது எனக்குப் பிடிக்கும். அம்மாவின் புடவைக் கரை என்று நினைத்திருந்தேன்.

இன்று உடை உதவியாளர் அந்தப் புடவையைத் தேய்த்து மாட்டிக்கொண்டிருந்தார். சாம்பல் நிறம், பச்சைக் கரை.

அப்படியானால் சிவப்பு எது? படத்தை நிறுத்திப் பெரிதாக்கினேன். செட்டில் சிவப்பே கிடையாது. கேமராவுக்குப் பின்னால் இருந்தது, டம்ளரில் தெரிந்திருக்கிறது. ரோஜா.

மாலை! நாச்சியப்பன் அண்ணனின் மாப்பிள்ளை மாலை.

காலையில் அது தண்ணீர் குடித்துக் கனத்திருந்தது. கை தாழ்ந்தது. விளக்குச் சூட்டில் மதியத்துக்குள் காய்ந்து லேசானது. கை எழும்பியது, ஒரு நூல் பிசகியது. இப்போது மாலையே இல்லை, என் புதிய கணக்கும் சேர்ந்து கையை இன்னும் தூக்கிப் பிடித்திருக்கிறது. அதனால் இரண்டு நூல். வாடும்வரை கழற்றக் கூடாது என்று கட்டிய மாலையோடு எடைத் துல்லியம் பேசிய ஒரே இடம் எங்கள் ஃப்ளோர்தான் என்று நினைக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு சிரித்தேன்.


அக்டோபர் 25, சனி

சோதித்தாயிற்று. மோட்டாருக்குச் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் ஒதுக்கி, பழைய எண்களை ஏற்றினேன். கையின் நுனியில் ஒரு கேனைக் கட்டி, சார்லஸ் அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினார். ஊற்ற ஊற்ற மானிட்டரில் வலப்பாதி மேலே ஏறி, ஓரிடத்தில் விளிம்போடு விளிம்பு சேர்ந்தது. டம்ளர் முழுசாக நின்றது.

நாச்சியப்பன் அண்ணன் முகம்தான் சுருங்கிவிட்டது. “சாமிக்குப் போட்ட மாலை மேல பழி போடாதீங்க மேடம்.”

“மாலை மேல குத்தம் இல்லண்ணே. மத்தியானம் அது காஞ்சதுதான் குத்தம். இப்ப அதே மாதிரி இன்னொண்ணு வேணும்.”

“கேனே போதுமே?”

“டம்ளர்ல சிவப்பு தெரியணும்ணே. பாதியில தெரிஞ்சு பாதியில நின்னா நல்லா இருக்காது.”

ஜெயதீபன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார். “அப்போ ஒரு மாசமா நீங்க சரிபண்ணது?”

“அது இனிமே எடுக்கறதுக்கு சார். இது ஏற்கெனவே நடந்ததோட சேர வேண்டியது. அன்னிக்கு என்ன கனம் இருந்துச்சோ அதே கனத்தோடதான் போயாகணும்.”

சொன்ன பிறகுதான் அது என் காதிலும் விழுந்தது.


அக்டோபர் 26, ஞாயிறு

துணி துவைத்தேன். மழையில் காயவில்லை, அறைக்குள் கொடி கட்டியிருக்கிறேன்.

அப்பா போன அன்று மதுரையில் பகல் முழுக்க மின்சாரம் இல்லை. ஐஸ் பெட்டி வெறும் பெட்டியாக இருந்தது. அக்னி நட்சத்திரம் வேறு. சித்தப்பா சொன்னார். பதினாறாம் நாளே சொன்னார்.


அக்டோபர் 29, புதன்

அம்மா வந்தார். நாச்சியப்பன் அண்ணன் மாலையைக் கட்டினார். கட்டிய கையோடு கற்பூரமும் காட்டினார், மாலை போட்டுவிட்டுச் சும்மா இருக்க அவரால் முடியாது.

மாலை வேண்டிய கனத்துக்குக் கொஞ்சம் கூடுதல். வேண்டுமென்றேதான் தண்ணீர் அதிகம் தெளிக்கச் சொன்னேன். காயக் காய வலப்பாதி மெல்ல இறங்கும். விளிம்பு சேரும் நேரத்தில் ஓட்ட வேண்டும். தவறவிட்டால் மறுபடி தெளித்து, மறுபடி காத்திருக்க வேண்டும். அம்மாவால் அதற்கு முடியாது. தங்கையின் பச்சைப் புடவையில், பொய் வெயிலில், காலி நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு நர்ஸ் செட்டின் பொய்ச் சுவருக்குப் பின்னால் நின்றார். மாலையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும், அதுவும் வரவர நிதானமாக.

மானிட்டரில் டம்ளரின் இரண்டு பாதிகளும் நெருங்கின. ஒரு நூல். அரை நூல்.

“இப்ப” என்றேன்.

கை புறப்பட்டது. மானிட்டரில் அக்கா டம்ளரை நீட்டினாள். அம்மா பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். அக்கா நீட்டிக்கொண்டே இருந்தாள். அவள் எவ்வளவு நேரம் நீட்டுவாள் என்பது எனக்கு மனப்பாடம். அந்த நேரம் கரைந்துகொண்டே வந்தது. அம்மாவின் கை மேசைக்கு மேல் எழுந்து, பாதியில் நின்று, திரும்ப மடிக்கே போய்விட்டது. ஜெயதீபன் என் தோளைப் பிடித்துவிட்டார். போச்சு என்று நினைத்தேன். அக்காவின் விரல் தளர இன்னும் ஒரு மூச்சுதான் இருந்தது. அப்போது அம்மா இரண்டு கைகளாலும் வாங்கினார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. ரொம்ப நேரமாகக் கை வலித்தவளிடமிருந்து பாரத்தை வாங்குகிற முகம்.

டம்ளர் முழுசாக இருந்தது. அதன் வயிற்றில் சிவப்பு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கு உடையாமல் வழிந்து போனது.

கட் சொன்ன பிறகும் அம்மா டம்ளரை வைக்கவில்லை. “காபி ஆறிப் போச்சு” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது. மாலையின் ஈரத்தைத் துடைக்கிற சாக்கில் கைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.


அக்டோபர் 30, வியாழன்

ஃப்ளோரில் ஜன்னலைக் கழற்றுகிறார்கள். ஒன்பது மணி வெயிலை மடித்து லாரியில் ஏற்றியாயிற்று. எனக்கு விடுமுறை.

ஊறுகாய் ஜாடியின் கட்டைப் பிரிக்க உட்கார்ந்தேன். மூன்று முடிச்சு, பல்லால் கடித்தும் இரண்டுதான் அவிழ்ந்தது. அப்போது போன் அடித்தது. மணி முக்கால்வாசி அடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்தேன்.

அந்தப் பக்கம் தூரத்தில் குக்கர் விசில் மட்டும்.

“கோதை?”

“ம். சொல்லுக்கா.”

“எடுத்துட்டியா?” அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. “எடுப்பேன்னு நான் நினைக்கவே இல்லடி. என்ன பேசணும்னு ஒண்ணுமே யோசிக்கலையே.”

“மெதுவா யோசிக்கா. எனக்கு இன்னிக்கு லீவுதான்.”

அவள் யோசித்தாள். நடுவில் மூக்கை உறிஞ்சினாள், யோசித்தாள். நான் போனைக் காதோடு பிடித்திருந்தேன். கை வலித்தது. இறக்கவில்லை.